தலைவலி போய்த் திருகுவலி

"சார், லைட்டா ஃபைல் பண்ணிக்கோங்க சார். எல்லாரும் பண்றதுதான்."

லைட்டாவாம். புது இன்டேக் மேனிஃபோல்டு, அதான் என்ஜினுக்குள்ள காத்தையும் பெட்ரோலையும் பிரிச்சு அனுப்புற வார்ப்பு, இன்னும் பெட்டி வாசனைகூடப் போகல. அதைப் பிடிச்சு வெச்சு அரத்தால தேய்க்கணுமாம். சொன்னது வழியில போற யாரோ இல்ல, அதை எனக்கு வித்த மனுஷன். போனை வெச்சதுலேர்ந்து பல்லைக் கடிச்சுக் கடிச்சுத் தாடை வலிக்குது. எங்கயாவது கொட்டித் தீர்க்கலைன்னா அந்த அரத்தை வேற எதுக்காவது பயன்படுத்திடுவேன் போல இருக்கு.

என்ஜின், செவ்ரோலெட்டோட பழைய V8, ஸ்மால் பிளாக் 350. சிலிண்டரை மேல மூடுற ஹெட்டும், இன்டேக்கும் மாத்துறேன். இதுக்கு மேல முன்கதை எதுக்கு? உங்கள்ல பாதிப் பேர் இதே குழியில விழுந்து எழுந்தவங்கதான். அலுமினிய ஹெட் ரெண்டு, அதுக்கேத்த மேனிஃபோல்டு, எல்லாம் ஒரே செட்டு. ஒண்ணுக்கொண்ணு பொருந்தும்னு நம்பித்தானேய்யா ஒருத்தன் செட்டா வாங்குறான்? தனித்தனியா வாங்கி மாட்டிக்கிட்டு முழிக்க எனக்குத் தெரியாதா என்ன?

விளம்பரத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கான்: 1955 முதல் 1995 வரை எல்லா ஸ்மால் பிளாக்குக்கும் அப்படியே மாட்டலாம். ஆஹா. நாற்பது வருஷம் ஒரு என்ஜினை வார்த்துத் தள்ளியிருக்காங்க, அதுல ஒரு ஓட்டையைக்கூட யாரும் நகர்த்தலையாம். அவ்வளவு ஒழுக்கமான என்ஜினாம்.

சரி, நடந்ததைச் சொல்றேன். உட்கார்ந்து படிங்க, நேரம் ஆகும்.

ஹெட் ரெண்டும் ஏறியாச்சு. ஒரு பக்கத்துக்கு 17 போல்ட். அதுல பலது நேரா தண்ணி ஜாக்கெட்டுக்குள்ள போய் நிக்கிற ரகம், அதனால ஒவ்வொரு மரைக்கும் சீலன்ட் தடவணும். தடவினேன். நடுவுலேர்ந்து வெளியே, வரிசை தப்பாம, படிப்படியா 65 அடி-பவுண்டு முறுக்கு. டார்க் ரெஞ்ச் ‘டிக்’குன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் மனசு குளிருது. இவ்வளவு நல்லாப் போகுதேன்னு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும்.

அடுத்து மேனிஃபோல்டு. கசிவை அடைக்கிற சிலிகான் பசை போடுறதுக்கு முன்னாடி வெறுமனே வெச்சுப் பாக்கணும்னு எனக்கும் தெரியும், வகுப்பெடுக்க யாரும் கிளம்பி வராதீங்க. கேஸ்கெட்டை ஒட்டி, மேனிஃபோல்டை இறக்கினேன். காத்து போற போர்ட்டுக்கு நேரா போர்ட். தண்ணி வழிக்கு நேரா தண்ணி வழி. அப்படியே பாத்துக்கிட்டே நிக்கலாம், அவ்வளவு அழகு. ஓரத்துல இருக்கிற 8 போல்ட்டும் வெறும் விரலாலயே இறங்குது. மொத்தம் 12. மிச்சம் நடுவுல 4.

நடு போல்ட்டை எடுத்து ஓட்டைக்குள்ள விட்டேன். போச்சு. கீழே போய் மரையைத் தொட்டுச்சு. திருப்பினேன், திரும்புது. திரும்புது, திரும்புது, திரும்பிக்கிட்டே இருக்கு. இறங்க மட்டும் மாட்டேங்குது. சரி, மேனிஃபோல்டு ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும்னு ஓரத்து எட்டையும் தளர்த்தினேன். இடது பக்கம் தட்டினேன். இப்ப? திரும்புது. வலது பக்கம் தட்டினேன். திரும்புது. முன்னாடி இழுத்தேன், பின்னாடி தள்ளினேன், லேசாத் தூக்கிப் பிடிச்சேன், மேல சாஞ்சு அமுக்கினேன். கெஞ்சினேன்னுகூட வெச்சுக்கோங்க. திரும்புது. போல்ட்டு கோணலா இருக்குமோன்னு வேற போல்ட்டை எடுத்தேன். அதுவும் திரும்புது. இந்த ஓட்டையிலதான் பிரச்சினைன்னு பக்கத்து ஓட்டைக்குப் போனேன். எதிர்ப்பக்கம் போனேன். நாலும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே பதில்.

டார்ச்சை வாயில கவ்விக்கிட்டுக் குனிஞ்சு பாத்தேன். உள்ள மரை தெரியுது, ஆனா பாதிதான் தெரியுது. மரையில தூசி இருக்கும்னு மேனிஃபோல்டை மறுபடி தூக்கி வெச்சு, மரையை ஊதி, துடைச்சு, மரை வெட்டுற டேப் விட்டு, எண்ணெய் தொட்டு, மறுபடி இறக்கி, ஓரத்து எட்டையும் மறுபடி பிடிச்சு... உங்களுக்கே அலுக்குதுல்ல? எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இந்தக் கூத்துல ஒரு தடவை அந்த போல்ட் கால் சுத்து பிடிச்சுது. பிடிச்சுடுச்சுன்னு வாய்விட்டே சொல்லிட்டேன். அடுத்த கால் சுத்துல கைக்கு ஒரு கரகரப்பு. இந்த வேலை பாத்தவங்களுக்குத் தெரியும், அந்தக் கரகரப்பு காதுல கேக்காது, வயித்துல கேக்கும். மரை மேல மரை ஏறுது. இரும்பு போல்ட், அலுமினிய ஹெட்டு, அதுல யாரு ஜெயிப்பான்னு சொல்லணுமா? இன்னும் கொஞ்சம் முறுக்கியிருந்தா மரை உருவி, பெரிசாத் துளைச்சு, ஹெலிகாயில்னு புது மரைக்கான கம்பிச் சுருள் வெச்சு, அது ஒரு தனிக் காவியம். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மெதுவாக் கழட்டினேன்.

அப்புறம்தான் நீளமா ஒரு ஸ்டட்டை, அதான் தலையில்லாத போல்ட்டை, தேடி எடுத்து, மேனிஃபோல்டு இல்லாமலே ஹெட்டோட நடு மரையில திருகிப் பாத்தேன். ஹெட்டோட முகத்துக்குச் செங்குத்தா, சிப்பாய் மாதிரி நிக்குது. மேனிஃபோல்டோட நடு ஓட்டையில ஒரு கம்பியை விட்டேன். அது எங்கேயோ சாஞ்சு போகுது.

விஷயம் இதுதான். 1955லேர்ந்து 86 வரைக்கும் இந்த 12 போல்ட்டும் ஹெட் முகத்துக்கு 90 டிகிரியில இறங்கும். 1987லேர்ந்து 95 வரைக்கும் வந்த இரும்பு ஹெட்டுல நடு நாலு மட்டும் 72 டிகிரி. ஓரத்து எட்டுல மாத்தமே இல்ல, அதனாலதான் அந்த எட்டும் சமத்தா இறங்கி என்னை ஏமாத்துச்சு. போதாக்குறைக்கு அதே காலத்துல வந்த கார்வெட் அலுமினிய ஹெட்டு பழைய 90 டிகிரியிலயே இருந்துச்சு. ஆக, என்ன வருஷத்து என்ஜின்னு கேட்டாப் போதாது, எந்த ஹெட்டுன்னு கேக்கணும். எனக்கு வந்த ஹெட்டு 90. அதே செட்டுல வந்த மேனிஃபோல்டு 72. நடுவுல 18 டிகிரி. அந்த 18 டிகிரியிலதான் என் முதுகும் முழங்காலும் போச்சு.

போன் போட்டேன்.

"ஹெட்டு தப்பா இருக்கும் சார்."

"ஹெட்டும் நீங்க குடுத்ததுதாங்க."

"அப்ப மேனிஃபோல்டு தப்பா இருக்கும் சார்."

"அதுவும் நீங்க குடுத்ததுதான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் பெரிய துப்பறியும் குரல்ல, "என்ஜின் எந்த வருஷம் சார்?"

போல்ட்டு போறது மேனிஃபோல்டுலேர்ந்து ஹெட்டுக்கு. ரெண்டும் உங்க கடைச் சரக்கு. கீழே இருக்கிற பிளாக்கு இதுல எங்கய்யா வந்துச்சு? அது பாவம் வாயை மூடிக்கிட்டு எல்லாத்தையும் சுமந்துக்கிட்டு நிக்குது. இதை நான் விளக்கி முடிச்சதும் வந்த தீர்ப்புதான் அந்த ‘லைட்டா ஃபைல்’.

ஃபைல் பண்ணா என்ன ஆகும் தெரியுமா? ஓட்டை நீள்வட்டமாகும், போல்ட் 90 டிகிரியில இறங்கும். ஆனா போல்ட் தலை உட்கார வேண்டிய இடம் இன்னும் 72 டிகிரிக்குத்தான் வெட்டியிருக்கும். தலையோட ஒரு ஓரம் மட்டும் உலோகத்தைத் தொடும், மறு ஓரம் காத்துல தொங்கும். நீங்க 30 அடி-பவுண்டு வெச்சா அதுல எவ்வளவு கேஸ்கெட்டை அமுக்குது, எவ்வளவு போல்ட்டை வளைக்குதுன்னு அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். சரிவா வெட்டின வாஷர் வேணும், இல்லேன்னா அந்த உட்காருமிடத்தை மில்லிங் போட்டுத் திருத்தணும். அதெல்லாம் இல்லாம இழுத்துக் கட்டினா நடு போர்ட்டுல காத்து கசியும், ஐடில் ஆடும். வெளிப்பக்கம் கசிஞ்சா ஸ்ப்ரே அடிச்சுக் கண்டுபிடிக்கலாம். கீழ, மேனிஃபோல்டுக்கு அடியில ஆயில் இருக்கிற லிஃப்டர் பள்ளம் பக்கம் கசிஞ்சா வெளியே ஒண்ணும் தெரியாது, இன்டேக் உள்ளேர்ந்து ஆயிலை உறிஞ்சிக்கிட்டு இருக்கும். பின்னாடி நீலப் புகை வரும். உடனே நாலு பேர் வந்து "ரிங் போச்சு, பிஸ்டன் எடுங்க"ன்னு என்ஜினையே இறக்கச் சொல்வாங்க. இதுக்குப் பேர் லைட்டா!

எரிச்சல் என்னன்னா, ரெண்டு கோணத்துக்கும் மேனிஃபோல்டு தயாரிக்கிறாங்க. வேற வேற பார்ட் நம்பர்ல வருது. ரெண்டு விதமாவும் துளை போட்ட ஹெட்டுகூட இருக்கு. ‘நடு போல்ட் கோணத்தைப் பாத்து வாங்கவும்’னு விளம்பரத்துல ஒரு வரி. ஒரே ஒரு வரி! குதிரைசக்தி கூடும்னு பத்தி பத்தியா எழுத இடம் இருக்கு, தீ பறக்கிற படம் போட இடம் இருக்கு, இதுக்கு மட்டும் காகிதப் பஞ்சம்.

இதுல ஒரு நண்பர் ஆறுதல் சொல்றாராம்: "பேசாம செவ்ரோலெட்டோட 1996 வோர்டெக் ஹெட்டு வாங்கியிருக்கலாமே, நல்லா மூச்சு விடுமே!" விடும்தான், யார் இல்லேன்னா? அதுல இன்டேக் போல்ட்டே 12 இல்ல, 8. அதுக்குன்னே தனி மேனிஃபோல்டு. பழைய பழக்கத்துல 30 வெச்சு முறுக்கிடாதீங்க, அதுக்கு 11 அடி-பவுண்டுதான். வால்வை இன்னும் அதிகமாத் திறக்கிற பெரிய கேம் போடலாம்னு ஆசைப்பட்டா, லிஃப்ட் அரை அங்குலத்தை எட்டுறதுக்கு முன்னாடியே வால்வ் ஸ்ப்ரிங்கைப் பிடிக்கிற ரீடெய்னர் போய் வால்வ் கைடை இடிக்கும், அதைத் தனியா வெட்டணும். நன்றி நண்பா, அந்தக் குழியும் ஆழமாத்தான் இருக்கு.

அப்படியே மாட்டலாம்னு சொல்ற எவனும் அடுத்த மூச்சுல ஒரு ‘மட்டும்’ போடாம விட மாட்டான். வால்வைத் திறக்கத் தள்ளுற புஷ்ராடு நீளம் மட்டும் செக் பண்ணிக்கோங்க. வால்வை அமுக்குற ராக்கர் மட்டும் பாத்துக்கோங்க, புஷ்ராடுக்குக் கைடு பிளேட் இருந்தா செல்ஃப் அலைனிங் ராக்கர் போடக் கூடாது, கெட்டிப்படுத்தின புஷ்ராடுதான் போடணும். ஹெட்டுல பெட்ரோல் எரியற சேம்பர் மட்டும் கவனிங்க, 76 சிசி இருந்த இடத்துல 64 சிசி வந்தா கம்ப்ரஷன் ஏறும், அப்புறம் பெட்ரோல் தரம், டைமிங் எல்லாம் பாக்கணும். பிளக் மட்டும் மாறும், நீளம் வேற, ஸ்பேனர் வேற. பிளக் கோணம் மாறினா எக்ஸாஸ்ட் குழாய் வயரைச் சுடும், அது மட்டும். மேனிஃபோல்டு உயரமா இருந்தா பானெட் மூடாது, அது மட்டும். ஆக்சிலரேட்டர் கேபிள் எட்டாது, அதுக்கு ஒரு பிராக்கெட் மட்டும். இத்தனை ‘மட்டும்’ சேர்ந்தா ஒரு முழுக் கார் ஆகிடுமேய்யா.

வீடியோ போடுறவங்களைக் கேக்கவே வேண்டாம். ஹெட்டைத் தூக்கி வைக்கிறதை மூணு கோணத்துல, மெதுவா, இசையோட காட்டுவாங்க. மேனிஃபோல்டை எடுத்துக் கையில பிடிப்பாங்க, ஒரு வெட்டு, மேனிஃபோல்டு உட்கார்ந்திருக்கும், ஸ்டார்ட் ஆகியிருக்கும், ஆள் சிரிச்சுக்கிட்டு இருப்பாரு. சட்டை மாறியிருக்கும். அந்த ரெண்டு சட்டைக்கு நடுவுல என்ன நடந்துச்சுன்னு யாராவது படம் பிடிச்சுப் போட்டா நான் டிக்கெட் வாங்கிப் பாப்பேன்.

இப்ப நிலைமை, என்ஜின் பள்ளத்தை ஒரு துணி போட்டு மூடிட்டு, சரியான மேனிஃபோல்டு வரட்டும்னு உட்கார்ந்திருக்கேன். மாத்தித் தர்றேன்னு சொல்லியிருக்காரு. அனுப்புற செலவு என்னுதாம். ‘எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா? நட்சத்திரம் கொடுங்கள்’னு மெசேஜ் வேற வந்திருக்கு. கொடுக்கிறேன் இரு.

வர்றதுக்குள்ள மத்ததாவது தயாரா இருக்கட்டும்னு சிலிகான் ட்யூபை எடுத்தேன். தெர்மோஸ்டாட் ஹவுசிங்குக்கு ஒரு பொட்டு எடுத்துட்டு மூடி வெச்சது. மூடியைக் கழட்டினா மூக்கு பூரா கல்லு. ஆணியால குத்தினேன், ஆணிதான் வளைஞ்சுது. இன்னும் கொஞ்சம் அமுக்கினா முன்னாடி வராது, பின்னாடி மடிப்புல பிச்சுக்கிட்டு மொத்தமும் உள்ளங்கையில வந்து விழுது. என்ஜின்ல ஒட்டுன்னு பூசினா ஆயில் பட்டு உரியற அதே சிலிகான், என் கையில எதுக்கும் போக மாட்டேங்குது. சோப்பு, பெட்ரோல், தின்னர், எல்லாம் பாத்தாச்சு. இதை எழுதுறப்ப மூணு விரல் ஒட்டிக்கிட்டு இருக்கு, கீபோர்டுல ‘ல’ அடிச்சா ‘ள’ வருது, நான் பாட்டுக்குத் தனியா உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டு இருக்கேன். அந்த ட்யூபுக்கு மூடி செஞ்சவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், அந்த அரம் இன்னும் மேசை மேலதான் இருக்கு.