"உங்கட உம்மாவுக்கு இப்ப எப்படி?"

சிலாவத்துறையில் மன்னார் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். மகனின் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சரும் வந்து நின்றார். மன்னார் டவுனிலிருந்து தினமும் வந்து போகிற தமிழ் டீச்சர். சிரித்துக்கொண்டே, "உங்கட உம்மாவுக்கு இப்ப எப்படி?" என்று கேட்டார்.

என் உம்மா புத்தளத்தில் இருக்கிறார். முதல் நாள் இரவுதான் போனில் கதைத்திருந்தேன். "அவங்க நல்லா இருக்காங்க டீச்சர், ஏன்?"

டீச்சரின் முகம் மாறிவிட்டது. "இல்ல, உம்மம்மாக்குக் கடும் சுகமில்ல, குடும்பத்தோட புத்தளம் போறம் எண்டுதானே உங்கட மகன் சொன்னவர். இன்னும் பள்ளிக்கூடம் வரேல்லையே."

அன்று காலையும் வெள்ளைச் சட்டையை அயன் பண்ணிப் போட்டு, சாப்பாடு கட்டிக் கொடுத்து, வாசல் வரை வந்து அனுப்பிவைத்திருந்தேன்.

இது இரண்டு வருடத்துக்கு முந்திய கதை. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இப்போது எழுதுகிறேன். 17 பள்ளிக்கூட நாட்கள். அவன் வகுப்பில் இருக்கிறான் என்று வீட்டில் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். குடும்பத்தோடு புத்தளத்தில் இருக்கிறான் என்று பள்ளிக்கூடமும் நிம்மதியாக இருந்தது. தரம் 9 படிக்கிற என் பிள்ளை கடற்கரையில் ஒரு வாடியில், மீனவர்களின் கொட்டிலில், உட்கார்ந்து கருவாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தான்.

வெளியூர்ச் சகோதரங்களுக்கு இந்தப் புத்தளம் விஷயம் விளங்காமல் இருக்கலாம். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பகுதி புத்தளத்திலும் கல்பிட்டியிலும்தான் போய் இறங்கியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. 2009 இல் யுத்தம் முடிந்த பிறகு எங்கள் முசலிக்கும் விடத்தல்தீவுக்கும், முல்லைத்தீவுப் பக்கம் நீராவிப்பிட்டிக்கும் தண்ணீரூற்றுக்கும் ஆட்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் இடையில் இருபது வருடம் ஓடிவிட்டது. உம்மா வாப்பா அங்கே, வயல் இங்கே. கல்யாணம் அங்கே, மௌத்து அங்கே. இன்னும் எத்தனையோ குடும்பங்கள் இரண்டு அடுப்பு எரித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அதனால் ஒரு பிள்ளை எழும்பி "புத்தளம் போறோம் சேர்" என்றால் எங்கள் ஊரில் எந்த ஆசிரியரும் சந்தேகப்பட மாட்டார். பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

பள்ளிக்கூடத்தோடு சண்டை பிடிக்கத்தான் முதலில் போனேன். 17 நாள் ஒரு பிள்ளை வரவில்லை, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று வகுப்பாசிரியரிடம் சத்தம் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தன் போனைத் திறந்து நீட்டினார். "மகன் சமுகமளிக்கவில்லை, காரணத்தை அறியத்தரவும்" என்று எனக்கு இரண்டு தரம் வாட்ஸ்அப் அனுப்பியிருந்தார். கீழே என் பதிலும் இருந்தது. "உம்மம்மா ஹொஸ்பிட்டல்ல சேர். துஆ செய்யுங்க."

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியிருந்த காலத்தில் ஒன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய போன் அது. பள்ளிக்கூடத்தில் உம்மாவின் இலக்கம் என்று பதிந்திருந்தது அந்த இலக்கத்தைத்தான். போன் மட்டும் அன்றிலிருந்து மகனின் கையில். இதை வாசிக்கிற உம்மாமாரே, வாப்பாமாரே, உங்கள் பிள்ளையின் வகுப்புக் குழுவில் இருக்கிற இலக்கம் யாருடைய கையில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

அதிபரின் அறையில் வரவு இடாப்பைத் திறந்து வைத்தார்கள். மகனின் பெயருக்கு நேரே வரிசையாகச் சிவப்பு மையில் பூச்சியங்கள். அவன் வாப்பா இடுப்பு பெல்ட்டில் கை வைத்துவிட்டார். "கண் ரெண்டையும் விட்டுட்டு மத்தத நீங்க எடுத்துக்கங்க சேர்" என்றார். எங்கள் வாப்பாமார் பரம்பரை பரம்பரையாகச் சொல்லிவருகிற வசனம். அதிபர் எழும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடங்களில் அடிக்கக் கூடாது என்று 2005 இலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது என்றார். பிறகு மெதுவாக, "சுற்றறிக்கைய விடுங்க. இப்ப இங்க வச்சு அடிச்சா, அவனுக்கு வீடும் இல்ல, பள்ளிக்கூடமும் இல்ல. வாடி மட்டும்தான் இருக்கும்" என்றார். அந்த மனுஷனுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

விஞ்ஞான டீச்சர்தான் புத்தகப் பையை வாங்கிப் பார்த்தார். கணிதக் கொப்பி. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே திகதி, நடுவில் தலைப்பு, அதற்குக் கீழே அடிமட்டம் வைத்துக் கீறிய சிவப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. பக்கம் பக்கமாக ஒன்றுமில்லை. இரண்டு இடத்தில் பார்வையிட்டதாகக் கையெழுத்துகூட இருந்தது. அதே கொப்பியை நானும் பார்த்திருக்கிறேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

முந்திய வருடம் என் வாப்பா மௌத்தானார். உம்மாவின் இத்தா, கணவனை இழந்த பெண் காத்திருக்கிற காலம், முடியும் வரைக்கும், அந்த நாலு மாதமும் பத்து நாளும், பிள்ளைகளோடு நான் புத்தளத்தில்தான் இருந்தேன். சும்மா இருக்கக் கூடாது என்று அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம். நாங்கள் வெளிக்கிடும் மட்டும் அங்கே அட்சரகணிதம் தொடங்கவில்லை. வந்து பார்த்தால் இங்கே முடிந்துவிட்டது. அவனுக்கு அந்தப் பாடம் எங்கேயுமே நடக்கவில்லை. அதற்குப் பிறகு கரும்பலகையில் எழுதிய எதுவும் அவனுக்கு விளங்கவில்லை. ஒரு நாள் எழுப்பி நிறுத்தியபோது மற்றப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அடுத்த நாள்தான் வாடிக்குப் போயிருக்கிறான்.

இதில் என்னால் தாங்க முடியாத விஷயம் இன்னொன்று. அந்த 17 நாளும் அஸருக்குப் பிறகு மத்ரஸாவுக்கு ஒழுங்காகப் போயிருக்கிறான். மௌலவி கண் கலங்கிச் சொன்னார்: "கையில மீன் வாடை இருந்துச்சு. வாப்பாவுக்கு உதவி செய்றார் போலன்னு நினைச்சு, மாஷா அல்லாஹ்ன்னு சொன்னேன்." என் பிள்ளை எங்கேயும் தொலைந்து போகவில்லை. மௌலவிக்கு மீன் வாடை தெரியும், வகுப்பாசிரியருக்குப் பூச்சியம் தெரியும், எனக்கு அவன் சரியாகச் சாப்பிடாதது தெரியும். மூன்று பேரும் ஒரே ஊரில்தான் இருந்தோம். பள்ளிக்கூடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் இடையில் ஐந்து நிமிட நடைகூட இல்லை.

குர்ஆனில் லுக்மான் அலைஹிஸ்ஸலாம் மகனுக்குச் சொன்ன புத்திமதியை நாம் சின்ன வயதிலிருந்து ஓதுகிறோம். தொழுகையை நிலைநிறுத்து, பெருமையடிக்காதே என்று அவர் அடுக்கிக்கொண்டு போகிறார். அதற்குள் மூன்று தடவை "யா புனைய்ய" என்று கூப்பிடுகிறார். "என் அருமை மகனே" என்று. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொள் என்றும் சொல்கிறார். பேசுகிற தகப்பனின் குரலும் அந்த ஆயத்துகளில் தாழ்ந்துதான் இருக்கிறது. அன்று இரவு அவன் வாப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு எழும்பிப் போய் மகனின் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

எங்கள் முகாம் காலம் அடிக்கடி ஞாபகம் வருகிறது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில்தான் நாங்கள் படித்தோம். படிப்பித்த டீச்சரும் எங்களோடு அகதியாக வந்தவர்தான், நாலு குடில் தள்ளி இருந்தார். உம்மாவும் அவரும் ஒரே கிணற்றில் வரிசையில் நிற்பார்கள். என் உம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் எனக்கு எந்தக் கணக்கு வரவில்லை என்பது அவருக்குத் தெரியும், டீச்சர் குடம் நிறையும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு நாள் வகுப்புக்குப் போகாவிட்டால் மஃரிபுக்கு முன்னால் கிடுகு வேலிக்கு மேலால் டீச்சரின் தலை தெரியும். அந்த வறுமை திரும்பி வர வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டோம். எல்லாம் இழந்து நின்ற நாளில் எங்கள் உம்மாமாருக்கு வாய்த்த அந்தக் கிணற்றடிப் பேச்சு, கல்வீடும் மதிலும் கட்டிய பிறகு எங்களுக்கு இல்லாமல் போய்விட்டது.

இன்றைக்குப் பள்ளிக்கூடம் எப்போது எங்களைக் கூப்பிடுகிறது? சிரமதானத்துக்கு, அபிவிருத்திச் சங்கத்துக்குக் காசு கட்ட, பிள்ளை குழப்படி செய்தால். நாங்கள் எப்போது போகிறோம்? புலமைப்பரிசில் பெறுபேறு வந்தால், அல்லது யாராவது பிள்ளையை அடித்துவிட்டார்கள் என்றால். இரண்டு பக்கமும் முகம் சுருங்கிய நேரத்தில்தான் சந்திக்கிறோம். பிறகு எப்படி மனம் விட்டுக் கதைப்பது?

ஆசிரியர்களின் பக்கத்தையும் நான் பார்த்துவிட்டேன். விடியற்காலையில் எழும்பி, சமைத்து வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். ஒன்றரைக்கு மணி அடித்தால் ஓடிப்போய் பஸ் பிடிக்காவிட்டால் வீடு போக இருட்டிவிடும். கஷ்டப் பிரதேசம் என்று பெயர் போட்ட இடத்துக்கு வருகிற அவர்களிடம் வீடு வீடாக வந்து பாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நடந்து போகிற தூரத்தில் இருப்பவர்கள் நாங்கள். நாங்கள்தான் போக வேண்டும், அதுவும் ஒரு பிரச்சினையும் இல்லாத நாளில். மாதத்தில் ஒரு நாள், இடைவேளை நேரத்தில், பத்து நிமிடம். "என் பிள்ளைக்கு எந்தப் பாடம் விளங்கவில்லை" என்ற ஒரே கேள்வியோடு.

அந்த நாளுக்குப் பிறகு நான் அப்படித்தான் போகிறேன். கணித சேர் வாரத்தில் இரண்டு நாள் மணி அடித்த பிறகும் நின்று, மகனோடு இன்னும் ஐந்து பிள்ளைகளுக்கு அட்சரகணிதத்தை முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார். அந்த ஐந்து பேரும் அதே மாதிரி புத்தளத்துக்கும் இங்குமாக அலைந்த பிள்ளைகள். அந்த இரண்டு நாளும் மௌலவி மத்ரஸாவுக்குப் பிந்தி வர அனுமதித்தார். இப்போது புத்தளம் போக வேண்டி வந்தால் நானே கடிதம் கொடுக்கிறேன். எந்தப் பாடம் எதுவரை போயிருக்கிறது என்று வகுப்பாசிரியர் ஒரு தாளில் எழுதித் தருகிறார். அதை உடுப்புப் பையில் மேலாக வைத்துக்கொண்டு போவேன்.

ஒரு நாள் பகல் அந்த விஞ்ஞான டீச்சரின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. எனக்குக் கை நடுங்கியது. "பயப்படாதேங்கோ, ஒண்டுமில்ல. இண்டைக்கு மகன் தானா எழும்பி வந்து போர்டில கணக்குச் செய்தவராம், கணித சேர் சொன்னவர். அதச் சொல்லத்தான் எடுத்தனான்" என்றார். குசினியிலேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு நிமிடம் எடுத்த அந்தப் போன் எங்கள் வீட்டில் எவ்வளவு நாள் பேசப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. ஆசிரியர்கள் இதை வாசித்தால், தயவுசெய்து, நல்ல செய்திக்கும் ஒரு தரம் எங்களுக்குப் போன் எடுங்கள்.

வாப்பாமாரின் விஷயம் இன்னும் தீரவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு உம்மாமார் மட்டும்தான் போகிறோம். நாற்பது பிள்ளைகளின் வகுப்பில் மூன்று ஆண்கள் வந்தால் பெரிய காரியம். வேலை என்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். தொழுகை முடிந்ததும் ஜனாஸா அறிவித்தல், சந்தா அறிவித்தல் எல்லாம் நடக்கிறது. மாதத்தில் ஒரு வெள்ளி, அந்த இடத்தில் அதிபருக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள், அவர் வகுப்பு வகுப்பாகச் சொல்லட்டும் என்று நாங்கள் பதினொரு உம்மாமார் கையெழுத்து வைத்துப் பள்ளிவாசல் நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். யாருடைய பிள்ளையின் பெயரும் சொல்லத் தேவையில்லை என்றும் எழுதியிருக்கிறோம்.

கடிதம் கொடுத்து இரண்டு வாரமாகிறது. வருகிற வெள்ளிக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சகோதரர்கள் யாராவது இதை வாசித்தால் நிர்வாகத்தில் இருக்கிற உங்கள் மாமாமாரிடமும் சாச்சாமாரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.