படகுச் சண்டையின்போது ரொட்டி தின்னும் ஒற்றன்

2015இல் வந்த 'த மேன் ஃப்ரம் அங்கிள்' படத்தை ஓடாத படம் என்று ஒரே வரியில் ஒதுக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஓடவில்லைதான். சுமார் 7.5 கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகம் முழுவதும் 11 கோடி டாலர் அளவுக்கே வசூலித்தது. இரண்டு வாரம் முன்னதாக டாம் குரூஸின் 'மிஷன் இம்பாசிபிள்' வரிசையில் ஐந்தாம் படம் வந்து கூட்டத்தை அள்ளிவிட்டது. இந்தப் படத்தைப் போலவே அதுவும் அறுபதுகளின் ஒற்றர் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் முளைத்ததுதான் என்பது வேடிக்கை.

'மிஷன் இம்பாசிபிள்'காரர்கள் தங்கள் பழைய தொடரை நிகழ்காலத்துக்கு இழுத்து வந்தார்கள். 'அங்கிள்' படத்தின் இயக்குநர் கை ரிச்சி 1963லேயே உட்கார்ந்துகொண்டார். நல்ல முடிவு. அமெரிக்க ஒற்றன் நெப்போலியன் சோலோவும் ரஷ்ய ஒற்றன் இல்யா குர்யாக்கினும் ஒரே அணியில் வேலை பார்க்கிறார்கள் என்பதன் ருசி, பெர்லின் சுவர் நின்றுகொண்டிருக்கும்போதுதான் தெரியும்.

துறைமுகக் காட்சி ஒன்று போதும், இந்தப் படத்தின் குணம் விளங்க. படகிலிருந்து தண்ணீரில் விழுந்த சோலோ கரையேறி, நின்றிருக்கும் ஒரு லாரிக்குள் போய் உட்காருகிறான். யாரோ வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுக் கூடை கிடக்கிறது. ரொட்டி, ஒயின். வானொலியில் இத்தாலியப் பாட்டு. வெளியே இல்யாவை எதிரிகள் படகில் துரத்தித் துரத்திச் சுடுகிறார்கள். இவனோ அவசரமே இல்லாமல் மென்றுகொண்டிருக்கிறான். இத்தனை செலவு செய்த துரத்தலைப் பின்னணிக்குத் தள்ளிவிட்டு, ஒருவன் சாப்பிடுவதைக் காட்டும் நெஞ்சுரம் எத்தனை பேருக்கு வரும்? சோலோவாக நடித்த ஹென்றி காவில் அந்த இடத்தில் முகத்தை அசைப்பதுகூட இல்லை.

வில்லியாக எலிசபெத் டெபிக்கி மிடுக்காக வருகிறார். கதையில் அவருக்குத் தீனி போதவில்லை. கடைசிச் சண்டையும் இழுவைதான்.

என் உண்மையான குறை வேறு. படம் முழுக்க இருவரும் முறைத்துக்கொண்டே கூட்டாளிகளாகிறார்கள். இருவரையும் ஒன்றாக வேலை வாங்கும் 'அங்கிள்' என்ற ஒற்றர் அமைப்பின் பெயரே கடைசியில்தான் வருகிறது. 1964இல் தொடங்கிய மூலத் தொடரில் அந்த முறைப்பே கிடையாது. அமெரிக்காவும் ரஷ்யாவும் அணுப்போரின் விளிம்புவரை போன கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அமெரிக்க வீடுகளின் வரவேற்பறையில் ஒரு ரஷ்யன் நாயகனாக நிற்கிறான், யாரும் அதற்கு விளக்கம் சொல்லவில்லை. டேவிட் மெக்காலம் நடித்த அந்த இல்யாவுக்கு ரசிகைகளின் கடிதங்கள் குவிந்தன. அந்தத் துணிச்சலுக்கு முன்னால் படத்தின் உரசலெல்லாம் வழக்கமான ஜோடிப் பொருத்தக் கதைதான்.

தொடரைத் தேடிப் பார்க்க நினைப்பவர்கள் கறுப்பு வெள்ளையில் எடுத்த முதல் பருவத்தில் தொடங்குங்கள். மூன்றாம் பருவத்தின் பக்கம் போக வேண்டாம். 'பேட்மேன்' தொடரின் வெற்றியைப் பார்த்துச் சூடுபோட்டுக்கொண்டு, ஒற்றர் கதையைக் கோமாளிக் கூத்தாக்கிவிட்டார்கள். நான்காம் பருவத்தில் மறுபடி இறுக்கிப் பிடித்தும் பயனில்லை. 1968 ஜனவரியில் கடையைக் கட்டிவிட்டார்கள்.