ஒரே ஒரு கையெழுத்து போதுமாம்

நேற்று அந்தப் பதிவின் கீழ் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். "90 சதவீத அமெரிக்கர்கள் துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்கிறார்கள், அதிபர் ஒரே கையெழுத்தில் முடித்துவிடலாம், மனசுதான் இல்லை" என்று அண்ணன் எழுதியிருந்தார். அதிபரால் அது முடியாது என்று இரண்டு வரி போட்டேன். வந்த பதில்: "டெக்சஸ் தண்ணி குடிச்சதும் துப்பாக்கிக் கம்பெனிக்குச் சொம்பு தூக்குறியா தங்கச்சி?" அதற்கு எத்தனை ஹாஹா!

சரி, சொம்போடே பேசுகிறேன். அதிபரால் முடியாது.

முதலில், அந்த 90 சதவீதம் துப்பாக்கியைத் தடை செய்யச் சொன்ன கூட்டம் இல்லை. எல்லா விற்பனைக்கும் பின்னணிச் சோதனை, அதாவது வாங்குபவர் குற்றப் பின்னணி உள்ளவரா என்று பார்க்கும் சோதனை, வேண்டும் என்று கருத்துக்கணிப்பில் சொன்னவர்கள். 2012 டிசம்பரில் நியூடவுன் ஊர்ப் பள்ளியில் 20 குழந்தைகள் சுடப்பட்டுச் செத்தார்கள். அடுத்த ஏப்ரலில் அந்தச் சோதனையை விரிவாக்கும் திருத்தம் நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. பாதிக்கு மேல் போதாது, செனட் நடைமுறைப்படி தேவைப்பட்டது 60. தோற்றது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாஷிங்டனுக்கு இது வெட்கக்கேடான நாள் என்றார் அப்போதைய அதிபர் ஒபாமா. பேனா இல்லாமலா அங்கே நின்றார்?

ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு செனட்டர், நாலு கோடியை நெருங்கும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு செனட்டர். கருத்துக்கணிப்பு தலையை எண்ணும். செனட் மாநிலத்தை எண்ணும்.

போகட்டும், தலையையே எண்ணுவோம். 2016 நவம்பரில் மேய்ன் மாநிலத்தில் இதே பின்னணிச் சோதனையை நேரடியாக மக்கள் வாக்கெடுப்புக்கே விட்டார்கள். தோற்றது! அதே நாளில் நெவாடாவில் ஒரு சதவீதம்கூட இல்லாத வித்தியாசத்தில் தப்பித்தது. போனில் கேட்பவனிடம் "ஆமாம்" சொல்லக் காசா பணமா?

"டிரம்ப் பம்ப் ஸ்டாக்கைத் தடை செய்யவில்லையா?" என்பீர்கள். செய்தார். சாதாரணத் துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கி வேகத்தில் சுடவைக்கும் கருவி அது. லாஸ் வேகஸ் படுகொலைக்குப் பிறகு, 2018இல், காங்கிரஸ் என்கிற அமெரிக்க நாடாளுமன்றத்தின் பக்கமே போகாமல் வெறும் விதியாகத் தடை செய்தார். 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று தூக்கி எறிந்தது. இயந்திரத் துப்பாக்கி என்று பழைய சட்டம் சொல்வதற்குள் அந்தக் கருவி வராதாம். சட்டம் எழுதுவது காங்கிரஸ். அதிபர் அதை இழுத்துப் பார்க்கலாம், கிழிந்தால் போச்சு. வரிசை எண் இல்லாமல் உதிரிப் பாகங்களில் வீட்டிலேயே செய்துகொள்ளும் கோஸ்ட் கன்னுக்கு பைடன் போட்ட விதி மட்டும் 2025இல் உச்ச நீதிமன்றத்தில் நின்றதே என்றால், நின்றது. காங்கிரஸ் எழுதிய 1968 துப்பாக்கிச் சட்டத்துக்குள் அடங்கியதால் நின்றது. ஆஸ்திரேலியாவைப் பார் என்பவர்களுக்கு: அங்கே துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்திய ஜான் ஹோவர்ட் நாடாளுமன்றத்துக்குள் உட்கார்ந்திருந்த பிரதமர், அதற்கு வெளியே இருக்கும் அதிபர் இல்லை. அடுத்து?

அடுத்து, "உனக்குப் பிள்ளை இருந்தால் இப்படிப் பேசமாட்டாய்" என்று எழுதிய மகராசிக்கு.

இருக்கிறாள். முதல் வகுப்பு. போன வருடம் மதுரையிலிருந்து அம்மா வந்திருந்தபோது, துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் வந்தால் எப்படி ஒளிவது என்று பழக்கும் லாக்டவுன் ட்ரில்லைப் பாட்டிக்குச் சொல்லிக் கொடுத்தாள். விளக்கை அணைத்து, கதவிலிருந்து தெரியாத மூலையில் பாட்டியை உட்காரவைத்து, மடியில் ஒட்டிக்கொண்டாள். அம்மா கண்ணாமூச்சி என்று நினைத்து "எங்க இருக்கேன் சொல்லு!" என்று கத்த, சட்டென்று பாட்டி வாயைப் பொத்தினாள். "பேசினா வந்துருவாங்க பாட்டி." சிரிக்கவே இல்லை அவள். அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குத் துப்பாக்கி லாபி என்று பெயர் வைத்த புண்ணியவான்களே, நன்றாக இருங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். என்னிடம் இருப்பது கிரீன் கார்டு. நாளைக்கே கடைக்குப் போய்ப் படிவத்தை நிரப்பி, சோதனையில் தேறினால் துப்பாக்கி வாங்கலாம். ஆனால் செனட்டருக்கு ஓட்டுப் போட முடியாது. இந்த லட்சணத்தில் நான் என்ன செய்யவில்லை என்று என்னைக் கேட்கிறார்கள்.

ஓட்டு உள்ளவர்களைக் கேளுங்களேன். எங்கள் தெருவிலேயே சிட்டிசன் ஆன நம்மூர்க்காரர் இருக்கிறார். துப்பாக்கிச் சூடு நடக்கும் ஒவ்வொரு முறையும் வாட்ஸாப்பில் மெழுகுவர்த்தி வைப்பார். பல இடங்களில் செனட்டர் யார் என்பது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் நடக்கும் பிரைமரி தேர்தலிலேயே முடிந்துவிடுகிறது, போனீர்களா என்று கேட்டேன். "அன்னைக்குப் பையனுக்கு கராத்தே கிளாஸ் இருந்துச்சும்மா" என்றார். அண்ணன் பதிவுக்கு நேற்று முதல் ஹார்ட் அவருடையதுதான்.