பெரும்பான்மை விதி விட்டுப்போச்சு

அமெரிக்காவின் முதல் பிரதிநிதிகள் சபைத் தேர்தல் பற்றிய கட்டுரை, 1788 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலம் தன் 8 பிரதிநிதிகளையும் ஒரே மூச்சில் தேர்ந்தெடுத்ததுபோல் சொல்கிறது. அப்படியில்லை. அங்கே அதிக வாக்கு வாங்கினால் போதாது. பதிவானதில் பாதிக்கு மேல் வேண்டும். வேட்புமனுவும் கிடையாது, ஊர்க்கூட்டத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் சீட்டில் எழுதலாம். நாலைந்து பேருக்கு வாக்கு சிதறினால் மறுபடி தேர்தல்தான். சஃபோக் தொகுதியில் ஃபிஷர் ஏம்ஸ் முதல் சுற்றிலேயே சாமுவேல் ஆடம்ஸைத் தோற்கடித்தார். ஹாம்ப்ஷயர்–பெர்க்ஷயர் தொகுதிதான் இழுத்தடித்தது. அது ஷேஸ் கலகம் (கடன், வரிச்சுமைக்கு எதிராக விவசாயிகள் செய்த கிளர்ச்சி) நடந்த பகுதி; அதை எதிர்த்த தியோடர் செட்ஜ்விக்கை அங்கே பலருக்கு ஆகாது. ஐந்தாம் சுற்றில், 1789 மே மாதம்தான் ஜெயித்தார். அப்போதைய தலைநகரான நியூயார்க்கில் சபை ஏப்ரல் 1 அன்றே கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர்கள்) சேர்ந்து வேலையைத் தொடங்கிவிட்டது. செட்ஜ்விக் போய் உட்கார்ந்தது ஜூனில்.