ரெசல்யூஷன் 72-ஐ 300 ஆக்கினால் படம் தெளியாது
“ரெசல்யூஷனை (ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற எண்ணை) 72-லிருந்து 300 ஆக்கினால் பாஸ்போர்ட் போட்டோ பிரிண்டில் தெளிவாக வரும்” என்று சிலர் சொல்வது சரியல்ல. ஃபோட்டோஷாப்பில் ரீசாம்பிள் (பிக்சல் எண்ணிக்கையை மாற்றும் தேர்வு) டிக்கை எடுத்துவிட்டு அந்த எண்ணை மாற்றிப் பாருங்கள்: அச்சளவுதான் சுருங்கும், ஒரு பிக்சல்கூட அதிகமாகாது. டிக் இருந்தால், இல்லாத பிக்சலை மென்பொருள் ஊகித்து நிரப்பும். கண்ணிமை மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும், பார்த்தாலே தெரியும்.

35×45 மி.மீ. படத்துக்கு 300-இல் 413×531 பிக்சல் வேண்டும். முகத்தை வெட்டியபின் 200 பிக்சல் அகலமே மிஞ்சினால், மூலப் படத்தைக் கேட்டு வாங்குவதுதான் வழி.

அப்புறம், 4×6 அங்குலத் தாளில் இந்த அளவுப் படம் ஆறுதான் அடங்கும் என்பதும் தவறு. படங்களைப் படுக்கவைத்து இரண்டிரண்டாக நான்கு வரிசை அடுக்குங்கள், எட்டு வரும். பிரிண்ட் கொடுக்கும்போது ‘ஃபிட் டு மீடியா’ (தாளின் அளவுக்குப் படத்தைப் பொருத்தும் தேர்வு) மட்டும் வேண்டாம், அளவு மாறிவிடும்.