ஆயா கேட்டது அது இல்லைங்க

சனிக்கிழமை மியூசியத்துல ஷோ முடிஞ்சதும் நடந்ததைப் பத்தி ஏற்கெனவே ஆளாளுக்கு எழுதிட்டீங்க. போட்டோவும் சுத்திக்கிட்டு இருக்கு. காசிமேட்டுல மீன் விக்கிற நம்ம ஆயா மைக்கை ஐஸ்கிரீம் மாதிரி பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்களே, பின்னாடி நீலக் கலர் லைட்டு, அதேதான். "இந்த முகத்துக்குள் ஒரு கடல் இருக்கிறது"ன்னு ஒருத்தர் கவிதை மாதிரி எழுதியிருக்கார். இருக்கட்டும். அந்த போட்டோவுல ஆயாவுக்குப் பக்கத்துல பாதித் தோள் தெரியுது பாருங்க, கட்டம் போட்ட சட்டை. அது நான்தான். அதனால நான் சொல்றதையும் கொஞ்சம் கேளுங்க.

ஆயா பெருமைப்பட்டாங்கன்னு அன்னைக்கு மேடைக்குச் சொன்னாங்க. ஆயா பெருமையா இருக்குன்னு சொல்லவே இல்லை.

எந்த மியூசியம்னு பேரைப் போட மாட்டேன். தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். தெரியாதவங்களுக்கு, அது பேசின் பிரிட்ஜுக்கு அந்தப் பக்கம் இருக்கு, அவ்வளவு போதும். சமகாலக் கலைக்குன்னே இருக்கிற இடம், உள்ளே ஏசி, வெள்ளைச் சுவர். நடந்தது நாடகம் இல்லை, டான்ஸ் இல்லை, கானாக் கச்சேரியும் இல்லை, எல்லாம் சேர்ந்தது. நோட்டீஸ்ல "பல்துறை நிகழ்த்துகலை"ன்னு போட்டிருந்தாங்க. 70 நிமிஷம். வட சென்னையில காசிமேடு, புளியந்தோப்பு, வியாசர்பாடி மூணையும் வெச்சுப் பண்ணது. அதுக்கு மூணு மாசம் கம்யூனிட்டி எங்கேஜ்மென்ட், அதாவது எங்க ஏரியா ஆளுங்களைச் சேர்த்துக்கிட்டுப் பண்ற வேலை. அந்த மூணு மாசமும் ஆளுங்களைக் கூட்டிட்டுப் போய், கூட்டிட்டு வந்து, டீ வாங்கிக் கொடுத்து, சண்டை தீர்த்து வெச்சது அடியேன்.

ஒர்க்‌ஷாப் மே மாசம் நடந்தது. ஏன் மே மாசம்? ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. "அப்ப எல்லாரும் ஃப்ரீயா இருப்பாங்க, பர்ஃபெக்ட் டைமிங்"னு ஆபீஸ்ல சொன்னாங்க. ஃப்ரீயாத்தான் இருந்தாங்க. ஃபைபர் போட்டுல வர்ற கொஞ்ச மீனுக்கு ஏலத்துல அடிச்சுக்கணும், கெடைக்கலைன்னா வட்டிக்கு வாங்கணும். அந்த மாதிரி ஃப்ரீ. அதுலயும் ஆயா அஞ்சு நாள் வந்தாங்க. அன்னக்கூடையைத் தலையில வெச்சு எப்படி நடக்கணும்னு ஷோவுல நடிக்கிற பொண்ணுக்கு நடந்து நடந்து காட்டினாங்க. 70 வயசுக்கு மேல ஆவுது. மூணு கேமரா வெச்சு எடுத்தாங்க.

இப்ப சனிக்கிழமைக்கு வர்றேன்.

ஷோ முடிஞ்சது. கலந்துரையாடல். மேடையில ஆறு சேர், ஆறு பேர். நடுவுல மாடரேட்டர். இருபது நிமிஷம் இங்கிலீஷ்லயே போச்சு. நம்ம ஆளுங்க பதினாலு பேர் மூணாவது வரிசையில உட்கார்ந்திருந்தாங்க. (பின்வரிசை இல்லை, நல்ல சீட்டுதான் கொடுத்தாங்க, அதைச் சொல்லலைன்னா பாவம்.) யாராவது சிரிச்சா இவங்களும் சிரிச்சாங்க. அப்புறம் "கம்யூனிட்டிலேர்ந்து யாராவது பேசலாமே"ன்னு மைக்கை நீட்டினாங்க. தமிழ்லதான் கேட்டாங்க. ஆயா சட்டுனு எழுந்துட்டாங்க. ஆயா கேட்டதை வார்த்தை மாறாம போடுறேன்:

"அந்தப் பொண்ணு நல்லாத்தான் நடந்துச்சு. ஆனா கூடையில ஒண்ணும் இல்ல, வெறுங்கூடை. மீன் வெச்சா ஐஸ் வெக்கணும், ஐஸ் வெச்சா ஒழுவும். சும்மாடு நனைஞ்சு நெத்தியில எறங்கும், கண்ணுல வுழும், எரியும். நாங்க ஒரு கண்ண மூடிகினுதான் நடப்போம். இது ரெண்டு கண்ணையும் தொறந்துகினு நடக்குது. அத்தொட்டு கேக்குறேன், தெரிஞ்சு வுட்டீங்களா, தெரியாம வுட்டீங்களா?"

தெரிஞ்சு விட்டீங்களா, தெரியாம விட்டீங்களா. இருபது நிமிஷம் அந்த மேடையில ஆறு பேர் பேசினதுல இப்படி ஒரு கேள்வி வரலைங்க. "உடல்"ங்கிற வார்த்தை மட்டும் முப்பது தடவை வந்திருக்கும்.

மாடரேட்டர் சிரிச்ச முகத்தோட மேடைப் பக்கம் திரும்பி இங்கிலீஷ்ல சொன்னார்: "ஷி சேஸ் ஷி இஸ் வெரி ப்ரவுட். ஷி சீஸ் ஹர்செல்ஃப் ஆன் ஸ்டேஜ்." அதாவது, ஆயாவுக்கு ரொம்பப் பெருமையாம், மேடையில தன்னையே பார்க்கிறாங்களாம்.

கைத்தட்டல். ரெண்டு பேர் எழுந்து நின்னே தட்டினாங்க. வெளிநாட்டுலேர்ந்து வந்த அந்த டைரக்டர் நெஞ்சுல கையை வெச்சுக் குனிஞ்சார், நாலு வாக்கியம் பேசினார், கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. அந்த நாலு வாக்கியத்தை யாரும் தமிழ்ல சொல்லலை. ஆயா உட்கார்ந்துட்டு எங்கிட்ட குனிஞ்சு கேட்டாங்க, "இன்னாவாம்?"

நான் "அப்புறம் சொல்றேன் ஆயா"ன்னேன்.

சரி, இப்ப இன்பாக்ஸ்ல வந்து குதிக்கிறவங்களுக்கு ஒவ்வொண்ணா பதில் சொல்றேன்.

"டைரக்டருக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷ்ல பேசாம வேற எப்படிப் பேசுவாங்க?" நியாயம். அவர் மேல எனக்குக் கோவமே இல்லை. அவர் காதுக்கு என்ன போச்சோ அதுக்குத்தான் அழுதார். ஆனா மேடையில இருந்த மத்த அஞ்சு பேருக்கும் தமிழ் தெரியும். மே மாசம் வெயில்ல காசிமேட்டுல வந்து உட்கார்ந்து, "சொல்லுங்கம்மா, அப்புறம் என்னாச்சு சொல்லுங்கம்மா"ன்னு தமிழ்லதானே கேட்டாங்க? எங்ககிட்டேர்ந்து வாங்கும்போது அழகா வர்ற தமிழ், எங்களுக்குப் பதில் சொல்லும்போது மட்டும் எங்கே போச்சு? நான் கேக்கிறது இவ்வளவுதான். கேக்கும்போது தமிழ்னா சொல்லும்போதும் தமிழ்ல சொல்லுங்க. எங்க பேச்சு அந்தப் பக்கம் போவுதுல்ல, அவங்க பேச்சும் இந்தப் பக்கம் வரணும்.

"நீயும் காசு வாங்கினியே?" வாங்கினேன். மூணு மாசத்துக்குச் சேர்த்து வாங்கினதுல பாதி ஆட்டோவுக்கும் போன் பேசுறதுக்கும் போச்சு. இருந்தாலும் வாங்கினேன், மறைக்கலை. காசு வாங்கினவன் வாயைத் திறக்கக் கூடாதுன்னா அந்த மேடையில ஆறு பேரும் ஊமையாத்தான் உட்கார்ந்திருக்கணும்.

"வட சென்னைன்னா கத்தி, ரத்தம்னு சினிமாக்காரன் காட்டுறான், இவங்களாவது மரியாதையா காட்டுறாங்களே." இதைச் சொல்றவங்களுக்கு ஒரு கும்பிடு. கத்தி இல்லாம காட்டினா நாங்க நன்றி சொல்லிட்டு வேன்ல ஏறிடணும், அதானே?

இடையில ஒண்ணு சொல்லணும். எங்கப்பா மில்லுல இருந்தவர். அவருக்குப் படம், சிலைன்னு எதுலயும் ஈடுபாடு கிடையாது. ஆனா சின்ன வயசுல ஒரு ஞாயித்துக்கிழமை என்னை மெரினாவுக்குக் கூட்டிட்டுப் போய் உழைப்பாளர் சிலை முன்னாடி நிறுத்தினார். 1959ல வெச்ச சிலை. செஞ்சவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, இங்கே ஓவியக் கல்லூரிக்கு பிரின்சிபாலா இருந்தவர். அதெல்லாம் நான் பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது, அப்பாவுக்கு அந்தப் பேரு கடைசி வரைக்கும் தெரியாது. சுத்திச் சுத்தி வந்தார். பின்பக்கமா போய் நின்னு, "நாலு பேர் முதுகையும் பாரு, ஒரே மூச்சுல தள்றானுங்க. இதைச் செஞ்சவரு பக்கத்துல நின்னு பாத்திருக்காரு"ன்னார். அப்புறம் சுண்டல் வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான் விமர்சனம். இன்னைக்கு வரைக்கும் எந்தக் கேலரிக்குப் போனாலும் நான் அதைத்தான் பார்க்கிறேன், பக்கத்துல நின்னு பார்த்துச் செஞ்சதா இல்லையான்னு.

சனிக்கிழமை ஆயா செஞ்சதும் அதுதான். நெகிழ்ந்துபோய் நிக்கலை அவங்க. கணக்குப் பார்த்தாங்க. அம்பது வருஷமா தலையில தூக்கின சாமானை ஒருத்தர் மேடையில தூக்கினா, எங்கே சரி, எங்கே தப்புன்னு அவங்களுக்குத்தானே தெரியும்? வேலை செய்றவன் வேலையைப் பார்த்தா முதல்ல தப்பைத்தான் கண்டுபிடிப்பான், அது அவன் கண்ணு. ஆனா கம்யூனிட்டின்னு ஒரு பேரை வெச்சுட்டா, அப்புறம் உங்களுக்கு வர அனுமதி இருக்கிறது ரெண்டே உணர்ச்சிதான். ஒண்ணு பெருமை, இன்னொண்ணு கண்ணீர்.

இன்னொண்ணையும் சொல்லிடுறேன், ஆரம்பிச்சாச்சு. கடல் அரிப்புன்னு ஒரு காட்சி வந்தது. திரை முழுக்க அலை. பின்னணிக் குரல், "கடல் கோபம் கொண்டது". ஒர்க்‌ஷாப்ல காசிமேட்டு அண்ணன் ஒருத்தர் சாக்பீஸால தரையில படமே போட்டுக் காட்டினாரே! துறைமுகத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டினாங்க, தெற்கேர்ந்து வடக்கே நகர்ற மணல் அங்கேயே நின்னுபோச்சு, அதனால மெரினா அகலமாச்சு, ராயபுரத்துக்கு வடக்கே கரை கரைஞ்சுது, அதனாலதான் இப்ப கல்லைக் கொட்டி வெச்சிருக்கான். கடலுக்கு என்னங்க கோவம்? சுவரைக் கட்டினது ஆளுங்க. அந்த சாக்பீஸ் படத்தை போட்டோ எடுத்தாங்க, வாசல்ல ஃபிரேம் போட்டு மாட்டியிருக்காங்க. ரொம்ப அழகா இருக்கு. என்ன படம்னு கீழே எழுதலை.

அப்புறம் புளியந்தோப்புப் பெரியவர். அவர் கேட்டதை யாருமே எழுதலை, ஏன்னா அதுக்கு போட்டோ இல்லை. 1921ல பின்னி துணி மில்லுல நடந்த ஸ்டிரைக்கை வெச்சு ஒரு காட்சி. தறிச் சத்தத்துக்கு நம்ம வியாசர்பாடிப் பசங்க பறை அடிச்சாங்க, அது அட்டகாசம், அதுல குறையே இல்லை. எல்லாத் தொழிலாளியும் கை கோத்துக்கிட்டு நிக்கிற மாதிரி முடிச்சாங்க. பெரியவர் மைக்கை வாங்கி, "அந்த ஸ்டிரைக்குல ஆதிதிராவிடத் தொழிலாளிங்க வேலைக்குத் திரும்பினாங்க, அதுக்காக புளியந்தோப்புல எங்க குடிசைங்களை எரிச்சாங்க, எங்க தாத்தா சொல்லியிருக்காரு, அது ஏன் இல்லை?"ன்னு கேட்டார். ரொம்ப மெதுவா, மரியாதையாத்தான் கேட்டார்.

இதுக்கு மொழிபெயர்ப்பே நடக்கலை. "நேரம் ஆயிடுச்சு, வெளியே ஸ்நாக்ஸ் இருக்கு"ன்னாங்க. தமிழ்ல.

சமோசா நல்லா இருந்தது.

"அப்ப உனக்கு என்னதான்யா வேணும்?"னு ஒரு நண்பர் கேட்டிருக்கார். 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்னு சாதிக்கு எதிரா பாடுற இசைக்குழுவோட முதல் கச்சேரி நடந்தப்ப கூட்டத்துல நான் நின்னேன். எனக்குப் பக்கத்துல நின்னவனுக்கு யாரும் எதையும் விளக்கவேண்டி வரலை. ஒரு வரி பிடிச்சா கத்தினான், பிடிக்கலைன்னா போனைப் பார்த்தான். அந்தச் சுதந்திரம் வேணும், போனைப் பார்க்கிற சுதந்திரம். சனிக்கிழமை எங்காளுங்க பதினாலு பேரும் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாங்க. ஒருத்தர் கூட கொட்டாவி விடலை. எனக்கு அதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

இதுல கடைசியா ஒரு கமென்ட் வந்தது, அதுக்கு மட்டும் எனக்குச் சரியா பதில் சொல்ல வரலை. "ஆயாவுக்கே கோவம் இல்லை, உனக்கு ஏன் கோவம்?" உண்மைதான், ஆயாவுக்குக் கோவம் இல்லை. வேன்ல பாட்டு போடச் சொன்னாங்க. பேத்திக்கு ரெண்டு சமோசா முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. எனக்கு ஏன் கோவம்? ஏன்னா எனக்கு இங்கிலீஷ் தெரியும். அந்த ஹால்ல ஆயா சொன்னதும் மாடரேட்டர் சொன்னதும் ரெண்டும் புரிஞ்சவங்க நிறைய பேர் இருந்தாங்க, அதுல நானும் ஒருத்தன். எழுந்து "சார், அவங்க கேட்டது அது இல்லை"ன்னு சொல்ல எத்தனை செகண்ட் ஆகும்? நான் எழுந்திருக்கலை. அடுத்த புராஜெக்ட் நினைவுக்கு வந்ததுன்னு வெச்சுக்குங்க. இல்லை, என் இங்கிலீஷ் மேல எனக்கே இருக்கிற பயம்னு வெச்சுக்குங்க. எது வேணா எழுதிக்குங்க கமென்ட்ல.

நேத்து விடியக்காலம் காசிமேடு போனேன். ஏலம் முடிஞ்சு ஆயா சங்கராவைக் கூடையில அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. மேல ஐஸைத் தட்டிப் போட்டாங்க. பழைய புடவைத் துண்டை முறுக்கிச் சும்மாடு கட்டிக்கிட்டே கேட்டாங்க, "இன்னா தம்பி, அன்னைக்கு அந்த வெள்ளக்காரரு இன்னா பதிலு சொன்னாரு? அப்புறம் சொல்றேன்னு சொன்னியே."

"அடுத்த தடவை ஐஸ் வெச்சே செய்யச் சொல்றாராம் ஆயா"ன்னுட்டேன்.

"அப்ப தெரியாமதான் வுட்டாரு"ன்னாங்க. ரொம்பத் திருப்தி அவங்களுக்கு. "மொத்த ஐஸும் வோணாம்னு சொல்லு. பொண்ணு சின்னப் பொண்ணு, கழுத்து புடிச்சுக்கும். ரெண்டு கை ஐஸ் வெச்சா போதும்." கூடையைத் தூக்கி விட்டேன். ரெண்டு அடி வெக்கிறதுக்குள்ள இடது கண்ணு மூடிக்கிச்சு.

இப்ப நான் சொன்ன பொய்யை நிஜமாக்கணும். அந்த டைரக்டரோட ஈமெயில் எங்கிட்ட இருக்கு. அடுத்த மாசம் வேற ஊர்ல இதே ஷோ போடுறாங்களாம். ஆயா கேட்டது, பெரியவர் கேட்டது, சாக்பீஸ் படம் மூணையும் எழுதி அனுப்பப்போறேன். தமிழ்ல எழுதிட்டேன், ஒண்ணரைப் பக்கம். இங்கிலீஷ்ல மாத்திக் கொடுக்க யாராவது இன்பாக்ஸ் வாங்க. அழகா எல்லாம் வேண்டாம். "தெரிஞ்சு வுட்டீங்களா, தெரியாம வுட்டீங்களா"ங்கிற வரி மட்டும் அப்படியே வரணும்.