412 டாலர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை மூன்று பையன்கள் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, காசு வந்துட்டுது, ஆனா வரல" என்றார்கள். சொன்னது ஆங்கிலத்தில்தான். மூன்று பேரும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதிப் பிள்ளைகள். பாட்டி காலத்தோடு அந்த வீடுகளில் தமிழ் அனேகமாக நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். இரண்டு வருடமாக இரவில் கண்விழித்துச் செய்த ஒரு சின்ன வீடியோ கேமை ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் போட்டிருந்தார்கள். அதில் ஒரு கேம் போட 100 டாலர் கட்ட வேண்டும். விற்பனையில் ஸ்டீம் தன் 30 விழுக்காட்டை எடுத்துக்கொண்டது போக 412 டாலர் அனுப்பியிருந்தது. அது வங்கியில் வந்து உட்கார்ந்துகொண்டு கணக்கில் ஏற மாட்டேன் என்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு காசுக்கும் அது எதற்கான காசு என்று ரிசர்வ் வங்கிக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கென்று குறியீட்டு எண்கள் இருக்கின்றன. மாமா அனுப்பிய பணத்துக்கு ஒன்று, மாம்பழம் விற்ற பணத்துக்கு இன்னொன்று. கேம் விற்ற பணத்துக்கு எது? வங்கிப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அவர் மேலாளரைக் கேட்டார், மேலாளர் ஜோஹன்னஸ்பர்கைக் கேட்டார். ஐந்து வாரம்.

நான் தொழிலால் கணக்கர். தென்காசியில் பிறந்து, டர்பனில் வாழ்க்கைப்பட்டு, பதினேழு வருடமாக இந்த ஊர்க்காரர்களின் வரவு செலவைப் பார்த்துக்கொண்டிருப்பவள். கேம் விளையாடத் தெரியாது. என் வீட்டுக்காரர் மட்டும் கோல்டன் சைனா பெட்டியை டிவியில் சொருகி விளையாடிய கதையை இன்றைக்கும் கண் மின்னச் சொல்வார். ஒரு தலைமுறைத் தென்னாப்பிரிக்கருக்கு 'டிவி கேம்' என்றாலே அந்தப் போலி நிண்டெண்டோதான். ஆனால் அந்த 412 டாலரைத் துரத்திய ஐந்து வாரத்தில் இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். கோபம் வந்தது. எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் கேம் செய்யத் தெரிந்தவர்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1996-லேயே ஜோஹன்னஸ்பர்க் ஆட்கள் 'டாக்சிக் பன்னி' என்று ஒன்றைச் செய்து கடையில் விற்றார்கள். கேப் டவுனின் கியூசிஎஃப் டிசைன் செய்த 'டெஸ்க்டாப் டஞ்சன்ஸ்' 2011-லேயே அமெரிக்காவின் சுயாதீன கேம் விழாவில் வடிவமைப்புக்கான பரிசை வாங்கியது. அதே ஊர் ஃப்ரீ லைவ்ஸ் குழு 2012-இல் ஒரு கேம் ஜாமில் (ஓரிரு நாளில் ஒரு கேமைச் செய்து முடிக்கும் போட்டி) விளையாட்டாகச் செய்த ஒன்றுதான் 'புரோஃபோர்ஸ்' ஆகி 2015-இல் உலகம் முழுக்கப் போனது. அவர்களே 2023-இல் 'டெரா நில்' வெளியிட்டார்கள். செத்துப்போன நிலத்தில் நதியும் காடும் உயிரும் திரும்ப வரச் செய்துவிட்டு, நாம் வைத்த இயந்திரங்களையும் கழற்றி எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் ஆட்டம். கட்டிக்கொண்டே போகும் ஆட்டங்களுக்கு நடுவே இப்படி ஒன்று தோன்ற ஒரு மனசு வேண்டும். ஜோஹன்னஸ்பர்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களின் நியமாகாப் குழு மாணவர்களாக இருந்தபோது தொடங்கிய 'செம்ப்ளன்ஸ்' என்ற கேம் 2018-இல் நிண்டெண்டோ ஸ்விட்சுக்குப் போனது. ஆப்பிரிக்காவிலேயே உருவான சொந்தப் படைப்பு ஒன்று அந்தக் கருவியில் ஏறியது அதுவே முதல் முறை. மேலை நாட்டு அருங்காட்சியகங்களில் அடைந்து கிடக்கும் ஆப்பிரிக்கப் பொருட்களைத் திருப்பித் திருடிக்கொண்டு வரும் 'ரீலூட்டட்' என்ற ஆட்டத்தையும் அவர்கள்தான் 2025-இல் அறிவித்தார்கள். அந்தக் கதை லண்டனில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தோன்றியிருக்காது.

ஆக, திறமை இருக்கிறது. பிரச்சினை வேறு இடத்தில்.

என் மாமியாரின் தாத்தா மவுண்ட் எட்ஜ்கோமில் கரும்பு வெட்டியவர். ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங், அதற்கப்புறம் வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் மதராசிலிருந்து வந்து சேர்ந்ததிலிருந்து இங்கே நம்மவர்கள் கதை அதுதான். கரும்பு வெட்டத் தெரிந்தது, சாறு பிழியத் தெரிந்தது, ஆலை மட்டும் நம்முடையதில்லை. சர்க்கரை விலை ஏறினாலும் பத்து ஷில்லிங் பத்து ஷில்லிங்தான்.

கேம் தொழிலிலும் இப்படி இரண்டு பக்கம் உண்டு. வெளிநாட்டு நிறுவனத்தின் கேமுக்குப் படம் வரைந்து கொடுப்பது, ஒரு கருவியில் ஓடுவதை இன்னொரு கருவியில் ஓட வைத்துக் கொடுப்பது, பிழை தேடிக் கொடுப்பது ஒரு பக்கம். கூலி வரும், ஒழுங்காகவே வரும். நம் கேம் என்று ஒன்றைச் செய்து அதன் உரிமையை நாமே வைத்திருப்பது மறுபக்கம். அதில் பத்தில் எட்டு மண்ணாகும். ஓடுகிற ஒன்றிரண்டு பத்து வருடத்துக்குச் சோறு போடும்.

நாட்டின் கேம் தொழிலை வளர்க்கிறோம் என்று மந்திரிகள் பேச ஆரம்பித்தால் அவர்கள் வாயில் முதலில் வருவது கனடாவின் மான்ட்ரியல். 1997-இல் யூபிசாஃப்ட் என்ற பெரிய பிரெஞ்சு கேம் நிறுவனம் அங்கே வந்தது, கியூபெக் மாகாண அரசு சம்பளச் செலவில் 37.5 விழுக்காடு வரை வரிச்சலுகையாகத் திருப்பித் தந்தது, இன்று அந்த ஊர் கேம் தலைநகரங்களில் ஒன்று. எல்லாம் உண்மை. நம் தமிழ்ச் சொந்தங்கள் வாழும் ரியூனியன் தீவை ஆளும் பிரான்சிலும் 2008 முதல் இப்படி ஒரு வரிச்சலுகை உண்டு. 2017-இல் அதை 30 விழுக்காடாக உயர்த்தினார்கள். பிரிட்டனில் 2014-இலிருந்து இருக்கிறது.

ஆனால் கணக்கராகக் கேட்கிறேன். சம்பளத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் திட்டத்தால் யாருக்கு லாபம்? ஏற்கெனவே சம்பளம் கொடுத்துக்கொண்டிருப்பவனுக்கு. என் மேஜையில் உட்கார்ந்த மூன்று பேருக்கும் சம்பளப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. ஒருவன் பகலில் செல்போன் கடையில் நிற்கிறான், ஒருவன் கால் சென்டர், மூன்றாமவனுக்கு அம்மா சோறு. பூஜ்யத்தில் 37.5 விழுக்காடு எவ்வளவு?

செலவழித்துவிட்டு வா, பிறகு தருகிறேன் என்று அரசு சொல்வதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நம் வர்த்தகத் துறை சினிமாக்காரர்களுக்கு அப்படித்தான் ஊக்கத்தொகை தருகிறது. தரவேண்டிய பணம் வரவில்லை என்று 2025 ஜனவரியில் அவர்கள் கேப் டவுனில் நாடாளுமன்ற வாசலில் நின்று கத்த வேண்டியிருந்தது. படப்பிடிப்பு நடத்துகிற அளவுக்குக் கையிருப்பு உள்ளவர்களுக்கே அந்தக் கதி. (நேஷனல் ஃபிலிம் அண்ட் வீடியோ ஃபவுண்டேஷன் என்று ஒரு அமைப்பும் இருக்கிறது. பெயரில் 'வீடியோ' இருக்கிறதே என்று பையன்களில் ஒருவன் ஆசையாகப் போய்ப் பார்த்தான். அது சினிமாவுக்கு.)

ஆராய்ச்சிக்கான வரிக்கழிவு, வருமான வரிச் சட்டத்தின் 11டி பிரிவு, அதையும் பார்த்தேன். செலவில் 150 விழுக்காட்டைக் கழித்துக்கொள்ளலாம். கேட்க இனிக்கிறது. முன் அனுமதி வாங்க வேண்டும், புதுமையான தொழில்நுட்பம் என்று காட்ட வேண்டும், கலையும் மானுடப் புலங்களும் சேராது என்று சட்டமே சொல்கிறது. ஒரு கேமில் பாதி படம், இசை, கதை. அந்தப் பாதியை வெட்டி எறிந்துவிட்டு மீதிக்கு விண்ணப்பம் போடு என்றால், கோலத்தில் புள்ளிக்கு மட்டும் காசு, கோட்டுக்குக் கிடையாது என்பது போல.

இனி நாணயக் கட்டுப்பாடு. இது 1961-இல் எழுதிய விதி. 1960-இல் நிறவெறி அரசின் போலீஸ் கறுப்பின மக்களைச் சுட்ட ஷார்ப்வில் சுட்டுக்கொலைக்குப் பிறகு பணம் நாட்டைவிட்டு ஓடிய காலத்தில், மூலதனம் வெளியே போகாமல் தடுக்க எழுதியது. அறிவுசார் உரிமை அந்த மூலதனத்தில் சேராது என்று 2011-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மறு வருடமே விதியைத் திருத்தி, சேரும் என்று ஆக்கினார்கள். பிற்பாடு தளர்த்தி, வெளிநாட்டாருக்கு நியாய விலைக்குக் கொடுப்பதானால் வங்கியே அனுமதிக்கலாம் என்றார்கள். காகிதத்தில் சரி. ஆனால் வெளிநாட்டுப் பப்ளிஷர் ஒருவன் ஒப்பந்தத்தோடு வந்தால், அந்த அனுமதியைத் தரவேண்டிய மேஜையில் இருப்பவர் 412 டாலருக்கே ஐந்து வாரம் எடுத்தவர். பப்ளிஷர் எத்தனை வாரம் காத்திருப்பான்? தங்கத்துக்கும் வைரத்துக்கும் போட்ட பூட்டு இது. அதை இப்போது படுக்கையறையில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவன் கதவில் மாட்டியிருக்கிறார்கள்.

சரி, குறை சொல்லியாயிற்று, என்ன செய்யலாம்?

ஒரு மனக்கணக்கு. மூன்று பேர், ஆளுக்கு மாதம் 12,000 ராண்ட், பதினெட்டு மாதம். 6,48,000 ராண்ட். இது ஆடம்பரச் சம்பளம் கிடையாது. செல்போன் கடை வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து முடிக்கப் போதும், அவ்வளவுதான். பத்துக் குழுவுக்குக் கொடுத்தால் 64 லட்சத்து 80 ஆயிரம். நாட்டு வரவுசெலவில் இது ஒரு தூசு. திட்ட அறிக்கை கேட்காதீர்கள், ஓடுகிற மாதிரி ஒன்றைக் கேளுங்கள். ஒரு வாரக் கடைசியில் செய்த கேம் ஜாம் ஆட்டமாக இருந்தாலும் போதும். புரோஃபோர்ஸ் அப்படித்தான் தொடங்கியது. நிபந்தனை ஒன்றே ஒன்று: உரிமை இந்த நாட்டுக் குழுவிடமே இருக்க வேண்டும். ஜெயித்தால் கொஞ்சம் திருப்பித் தரட்டும், தோற்றால் போகட்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். 2014 ஜூன் 1 முதல் வெளிநாட்டு டிஜிட்டல் விற்பனைக்கு இங்கே வாட் உண்டு, இப்போது 15 விழுக்காடு. டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் ஒரு பையன் அப்பாவின் கார்டில் 230 ராண்டுக்கு ஒரு வெளிநாட்டு கேம் வாங்கினால், அதில் 30 ராண்ட் அரசுக்குப் போகிறது. பிள்ளைகள் விளையாடுவதிலிருந்து ஏற்கெனவே காசு எடுக்கிறீர்கள். அதில் ஒரு துளியைச் செய்கிறவர்கள் பக்கம் திருப்புங்கள்.

கிட்டத்தட்ட மூன்று பேரில் ஒருவருக்கு வேலையில்லாத நாட்டில் கேமுக்கா மானியம் என்று என் வீட்டுக்காரரே கேட்டார். நியாயமான கேள்வி. மருத்துவமனையில் படுக்கை இல்லாதபோது இதைப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் துறைமுகம், ரயில், மின்சாரம் என்று எல்லாம் தடுமாறிப் பார்த்த ஊரில், கன்டெய்னர் தேவைப்படாத ஏற்றுமதி எத்தனை இருக்கிறது? டர்பன் துறைமுகத்தில் கப்பல் வரிசையில் நின்றாலும் இது போய்ச் சேரும். 2023-இல் நாளில் பாதி நேரம் கரண்ட் போன நாட்களிலும் இந்தப் பையன்கள் ஒரு பழைய இன்வெர்ட்டரில் வேலை பார்த்தார்கள்.

கூலி வேலையைக் கேவலம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கொள்ளுத்தாத்தாவும் ஐந்து வருடம் முடிந்ததும் கையிலிருந்ததை வைத்து ஆற்றோரம் ஒரு துண்டு நிலம் பிடித்துக் காய்கறி போட்டார். டர்பன் நகரமே நம்மவர்கள் போட்ட காய்கறியைத் தின்றது. வெளிநாட்டு வேலையில் கூலி வாங்கிக்கொண்டே சொந்தக் கேமை வளர்க்கும் குழுக்கள் இன்று செய்வதும் அதுதான். அப்போது டர்பன் பகுதியை ஆண்ட நேட்டால் காலனி அரசு என்ன செய்தது தெரியுமா? ஒப்பந்தம் முடிந்து சொந்தக் காலில் நின்றவர்கள்மீது வருடத்துக்கு மூன்று பவுண்டு வரி போடச் சட்டம் கொண்டுவந்தது. 1895 சட்டம். மறுபடி கூலிக்கு ஒப்புக்கொண்டால் வரி இல்லை. தில்லையாடி வள்ளியம்மை சிறை போன போராட்டத்தின் கோரிக்கைகளில் அந்த வரியும் ஒன்று. 1914-இல்தான் எடுத்தார்கள். இன்றைய அரசை அதோடு ஒப்பிடுவது அநியாயம், தெரியும். ஆனாலும் வேலைக்கு ஆள் தேடி வரும் பெரிய நிறுவனத்துக்குக் கம்பளம் விரித்து, சொந்தமாகச் செய்கிறவனுக்கு ஃபாரம் நீட்டும்போது எனக்கு அந்த மூன்று பவுண்டு ஞாபகம் வருகிறது.

நம் பக்கமும் ஒரு வார்த்தை. போன வாரம் எங்கள் கோயில் சங்கக் கூட்டத்தில், வருடாவருடம் பாட்டுக்கும் பேச்சுக்கும் நடத்தும் ஐஸ்டெட்ஃபோட் போட்டியில் இந்த முறை பிள்ளைகள் கேம் செய்யும் போட்டி ஒன்றையும் சேர்ப்போம், ஐயாயிரம் ராண்ட் பரிசு வைப்போம் என்றேன். பொருளாளர் ஐயா முகம் சுருங்கிவிட்டது. "கேமிங்கா? அம்மா, கோயில் பணத்தில் சூதாட்டமா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த மாகாணத்தின் சூதாட்ட வாரியத்துக்கே கேமிங் அண்ட் பெட்டிங் போர்டு என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் இங்கே பெரியவர்களுக்குக் கசினோதான் கண்ணில் தெரியும். மடிக்கணினியைக் கொண்டுபோய்ப் பையன்களின் ஆட்டத்தை அவருக்குக் காட்டினேன். டீரூம் எனும் தெருமுனைக் கடை வாசலில், ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பும் பன்னி சௌவைக் கட்டிக் கொடுக்கும் ஒரு பாட்டி, வரிசை நீண்டுகொண்டே போகிறது, ரொட்டி தீருவதற்குள் எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும். ஐயா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். முதல் ஆட்டத்தில் மூன்றாவது ஆளிடமே ரொட்டி தீர்ந்துவிட்டது. "இன்னொரு தரம் வை" என்றார்.

போட்டி ஆகஸ்டில். பரிசு மூவாயிரமாகக் குறைந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரை யார் வேண்டுமானாலும் வரலாம், தமிழ்ப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்றில்லை. இரண்டு பழைய கணினி யாரிடமாவது சும்மா கிடந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். வங்கியில் வேலை பார்ப்பவர் யாராவது இதைப் படித்தால், அந்தக் குறியீட்டுப் பட்டியலில் உரிமத்துக்கும் பதிப்புரிமைக்குமான பகுதியை ஒரு தரம் பார்த்து வையுங்கள். கடைசியில் 412 டாலரும் அதில்தான் ஏறியது.